தாத்தாவோட கான்டெஸா... தகரமா, தங்கமா?



போன மாசம் ஒரு மெயில். பாகூர் பக்கத்துல ஒரு கிராமம், மூணாவது வருஷம் பி.காம். படிக்கிற தம்பி.

"அண்ணா, எங்க தாத்தாவோட கான்டெஸா கார் எட்டு வருஷமா மாட்டுக் கொட்டகையில நிக்குது. தாத்தா போனதுக்கப்புறம் யாரும் தொடல. சித்தப்பா இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்ங்கிறாரு. பொங்கல் வரைக்கும்தான் டைம். எனக்கு அதை ஓட்டணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

கூடவே ஒரு போட்டோ. முன்பக்க கண்ணாடி முழுக்க கோழி எச்சம், பானெட் மேல வைக்கோல் கட்டு, டயர்ல காத்து இல்லாம வண்டி குத்த வெச்சு உட்கார்ந்திருக்கு. பார்த்ததும் மனசு கேட்கல. ஞாயித்துக்கிழமை வில்லியனூர்ல இருந்து நம்ம மெக்கானிக் அண்ணனையும் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு கிளம்பிட்டேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1964-ல அமெரிக்காவுல போன்டியாக் ஜி.டி.ஓ.ன்னு ஒரு வண்டி வந்துச்சு. நடுத்தர சைஸ் காருக்குள்ள பெரிய வி8 இன்ஜினைத் தூக்கி வெச்சா எப்படி இருக்கும்? அந்த சேட்டைதான் 'மசில் கார்'ங்கிற வகையையே பிரபலமாக்குச்சு. நம்ம நாட்டுல அந்தப் பட்டப்பேர் ஒட்டிக்கிட்டது கான்டெஸாவுக்கு. பிரிட்டன்ல வாக்ஸால் கம்பெனி 1970-கள்ல வித்த விக்டர் மாடலோட அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிட்டு வந்து, மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா ஃபேக்டரியில தயாரிச்சு, 1984-ல ரோட்டுக்கு விட்டாங்க. நீள பானெட், தட்டையான மூஞ்சி, அகலமான இடுப்பு. அந்தக் காலத்து சினிமா வில்லன் இறங்கி வர்றதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்!

ஆனா உள்ளே? இங்கேதான் காமெடி. ஆரம்பத்துல இருந்தது நம்ம அம்பாசடரோட அதே 1.5 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரைசக்தி. ஒரு டன்னுக்கு மேல எடை உள்ள வண்டியை அது இழுத்த இழுப்பை, பழைய டிரைவருங்க இன்னும் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. அப்புறம் 'கான்டெஸா கிளாசிக்'னு ஜப்பான் இசுஸுவோட 1.8 லிட்டர் இன்ஜின், அஞ்சு கியரோட வந்ததும்தான் மூஞ்சிக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தம் வந்துச்சு. 2002-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க.

இந்த இன்ஜின் கதையை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உங்க வண்டி தேறுமா தேறாதான்னு பாதி முடிவு அதுலயே தெரிஞ்சுடும். 1.5-ன்னா அம்பாசடர் டாக்ஸி பார்த்த எந்தப் பெரியவரும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவாரு. 1.8-ம் மோசமில்ல, 1990-கள்ல அம்பாசடருக்கும் அதே இசுஸு பெட்ரோல் இன்ஜின் வந்ததால பார்ட்ஸ் இன்னும் சுத்துது. இதே இடத்துல ஒரு ஸ்டாண்டர்டு 2000 நின்னுருந்தா? நம்ம மெட்ராஸ்ல 1980-கள்ல கொஞ்ச காலமே தயாரான கார் அது. பிரிட்டன் ரோவரோட உடம்பு, உள்ளே பழைய ரெண்டு லிட்டர் இன்ஜின். வாங்கினவங்க கொஞ்சம், பார்ட்ஸ் அதைவிடக் கொஞ்சம். அதுன்னா நானே "தம்பி, மியூசியத்துக்குக் குடுத்துடு"ன்னு சொல்லியிருப்பேன்.

தம்பியோடது 1.8. போன உடனே அண்ணன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரு சின்ன சிரிப்பு சிரிச்சாரு. அதோட சரி. அடுத்து அவர் பாக்கெட்ல இருந்து எடுத்தது ஸ்பேனர் இல்ல, காந்தம்! பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டினது. கர்ச்சீப்ல சுத்தி கதவு, மட்கார்டு, கதவுக்குக் கீழ இருக்கிற பட்டைன்னு ஒவ்வொரு இடமா ஒட்ட வெச்சுப் பார்த்தாரு. ஒட்டினா தகரம். நழுவினா பட்டி. அதாவது துருவை மறைக்க எப்பவோ யாரோ பட்டி போட்டுத் தேய்ச்சு பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இந்த இடத்துல என் சொந்த சோகக் கதை. பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு பழைய அம்பாசடரை வாங்கினேன். முதல் வேலையா பெயின்டிங்குக்கு விட்டேன். கடை பேர் வேணாம். பளபளன்னு வந்துச்சு, போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். ரெண்டு மழைக்காலம் தாண்டல, கதவோட அடியில கொப்புளம். நகத்தால கீறினா பிஸ்கட் மாதிரி உதிருது! உள்ளே தகரத்தை வெட்டி மாத்தாமலே மேல பூசி அனுப்பிட்டாங்க. நானும் கேட்கல, எனக்கும் பளபளப்புதானே வேண்டியிருந்துச்சு. எல்லாத்தையும் சுரண்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். அறுபதாயிரம்னு நோட்டுல எழுதி வெச்ச பட்ஜெட், ஒண்ணே முக்கால் லட்சத்துல வந்து நின்னுச்சு.

நம்ம பக்கம் துரு ரெண்டு மடங்கு. கிழக்கால கடல் உப்புக் காத்து, சுத்தி வயலோட ஈரம். பாகூர் ஏரித் தண்ணியில நெல்லு விளையிற பூமி, தகரத்துக்கு எங்கே இரக்கம் காட்டப் போகுது? போதாக்குறைக்கு 2024 ஃபெஞ்சல் புயல் மழை, பின்னாடியே தென்பெண்ணை வெள்ளம். தம்பி வீட்டுக் கொட்டகையிலயும் தண்ணி ஏறியிருக்கு. கதவுல ஒரு சேத்துக் கோடு அப்படியே இருந்துச்சு. அண்ணன் அந்தக் கோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னாரு.

கான்டெஸா மாதிரி கார்ல தனியா சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. ஜீப்புன்னா பாடியைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டலாம். இதுல தரைத் தகரம் போச்சுன்னா வண்டிக்கு இடுப்பெலும்பு போன மாதிரி. அதனால கார்ப்பெட்டைக் கிழிச்சுட்டு (ஆமா, கிழிக்கத்தான் வேணும்) திருப்புளியால தரையைக் குத்திப் பார்க்கணும். டிரைவர் கால் வைக்கிற இடம், ஸ்டெப்னி உட்காருற பள்ளம், ஜாக்கி வைக்கிற இடம், முன் கண்ணாடிக்குக் கீழ இலை சருகு சேருற மூலை. இந்த நாலையும் பார்த்துட்டா மிச்சம் தானா தெரியும். தம்பி வண்டியில டிரைவர் பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, ஸ்டெப்னி பள்ளம் மொத்தமா அவுட். மத்தபடி எலும்பு ஸ்ட்ராங்!

"டிங்கரிங் பண்ணிடலாம். ஆனா பட்டி வேலை ஒத்துக்காத, தகரம் வெட்டி வெல்டிங் வெக்கச் சொல்லு"ன்னாரு அண்ணன்.

தம்பி முகத்துல லைட்டு. உடனே மொபைல்ல ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். எங்கேயோ ஒருத்தர் கான்டெஸாவை ஃபோர்டு மஸ்டாங் மாதிரி மாத்தியிருக்கார். "இப்படிப் பண்ணலாமாண்ணா?"

தம்பி, சும்மா இரு. ஆர்.சி.யில இருக்கிற கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதோட, மஸ்டாங் வேஷம் போட்ட கான்டெஸாவை ரோட்டுல பார்க்குறவன் ரெண்டு பேரையும் நினைச்சுச் சிரிப்பான். இது என் சொந்த அபிப்ராயம், சண்டைக்கு வராதீங்க.

பேப்பர் விஷயத்துக்கு வருவோம். போரடிக்கும், ஆனா இதுல கோட்டை விட்டவங்கதான் அதிகம். ஆர்.சி. புக் எங்கேன்னு கேட்டேன். வீட்டுல தேடு தேடுன்னு தேடி, கடைசியில ஆயா தன்னோட டிரங்குப் பெட்டியில, புடவை அடியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. தாத்தா பேர்லயே இருக்கு. அப்படின்னா முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அதுக்கு ஃபார்ம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மத்த வாரிசுகளும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்துல சித்தப்பாவோடதும் ஒண்ணு. புரியுதா? காரை ரெடி பண்றதுக்கு முன்னாடி சித்தப்பாவை ரெடி பண்ணணும்!

அடுத்து, 15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் பதிவைப் புதுப்பிக்கணும். 20 வருஷமும் தாண்டிட்டா 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி காருக்கு 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000. புதுப்பிக்காம விட்ட காலத்துக்கு அபராதமும் சேரும். கணக்கைப் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நேர்லயே போய்க் கேட்டுடுங்க, புரோக்கர் சொல்ற கணக்கு எப்பவும் ஒண்ணுக்கு ஒண்ணரை. 'வின்டேஜ்'னு தனிப் பதிவு வாங்கலாமேன்னு சிலர் கேட்கலாம். 2021 விதிப்படி அதுக்கு வண்டிக்கு 50 வயசு ஆகணும். கான்டெஸா குடும்பத்துல மூத்த பிள்ளைக்கே 2034-லதான் 50 வரும். கல்யாணம் பண்ணி குழந்தை குட்டியோட போய் வாங்கிக்கலாம். அதுலயும் தினசரி ஓட்டக் கூடாது.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்வி: ஸ்டார்ட் ஆகுமா?

தம்பி ஏற்கெனவே டிராக்டர் பேட்டரியைத் தூக்கி ரெடியா வெச்சிருந்தான். அண்ணன் போட்ட சத்தத்துல மாடே திரும்பிப் பார்த்துச்சு. எட்டு வருஷம் நின்ன இன்ஜின்ல எடுத்த எடுப்புல செல்ஃப் அடிச்சா, காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கிற ரிங் உடையும், சிலிண்டர்ல கோடு விழும். அப்புறம் ரிப்பேர் செலவு போர் பண்ற வரைக்கும் போகும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடணும். மறுநாள் முன்பக்க புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்திப் பார்க்கணும். பிடிச்சா பலம் போடக்கூடாது, மறுபடி ஆயில், மறுபடி பொறுமை.

வெள்ளத்துல நின்ன வண்டின்னா இன்னொண்ணு. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் மூணுலயும் அடியில இருக்கிற நட்டைத் தளர்த்திப் பாருங்க. தண்ணி போயிருந்தா ஆயிலுக்கு முன்னாடி அதுதான் சொட்டும், இல்லன்னா மோர் மாதிரி வெளுத்து வரும். இவனோடதுல இன்ஜின் தப்பிச்சுது. பின் ஆக்ஸில்ல இருந்து ஒரு டம்ளர் தண்ணி!

டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலையும் கீழ இறக்கிடணும். அது பெட்ரோலே இல்ல, வார்னிஷ். ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரையும் கார்புரேட்டர் வாஷரையும் அரிக்கும். ஓட்டாம நிறுத்துறப்போ டேங்க்ல மாசக்கணக்கா விட்டு வைக்காதீங்க.

சாயங்காலம் டீ குடிக்கிறப்போ சித்தப்பா வந்தாரு. "எவ்வளவு ஆகும்?"னு நேரா கேட்டாரு. அண்ணன் மழுப்பல. "பிரேக், டயர், பேட்டரி, டேங்க், தரைத் தகரம்... ஓடுற கண்டிஷனுக்கே லட்சத்தைத் தாண்டும். பெயின்ட், சீட்டு எல்லாம் தனி. கண்ணாடி பீடிங் ரப்பர், டெயில் லைட் இதெல்லாம் பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில அலையணும்."

சித்தப்பா ஒண்ணும் பேசல. அவர் பக்கமும் நியாயம் இருக்கு. மாட்டுக்கு இடம் வேணும். இந்த வருஷம்தான் தம்பியோட தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்காங்க. அதனால நான் தம்பிகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். வீட்டுப் பணத்தைத் தொடாத. நீயே பார்ட் டைம்ல சம்பாதிச்சு வர்ற காசுல மாசம் ஒரு வேலை. முதல்ல பிரேக், அதுவும் ஒரு வீல் முடிச்சுட்டு அடுத்த வீல். மொத்தமா பிரிச்சுக் கோணியில கட்டி வெச்சா அந்த வண்டி ஜென்மத்துக்கும் சேராது. கழட்டுற ஒவ்வொரு நட்டையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, பேரெழுதி ஒட்டு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ.

ஆயா மட்டும் கார் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. "உங்க தாத்தா வில்லியனூர் தேருக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவாரு"ன்னு சொல்லிட்டு முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க. சித்தப்பா அதைப் பார்த்துட்டு, டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். "அண்ணா, கால் சுத்து சுத்துச்சு!"

"பலம் போட்டியா?"

"இல்லண்ணா, சத்தியமா. நான் மெதுவாத்தான் சுத்தினேன். டார்ச் அடிச்சது சித்தப்பா!"

(அடுத்த வாரம்: ஜாம் ஆன வீல் சிலிண்டரைக் கழட்டுறது எப்படி? கூடவே, ஆர்.எக்ஸ்.100 கேட்டு மெயில் போட்ட நூத்துக்கணக்கான மச்சிகளுக்கு ஒரு எச்சரிக்கை!)