ஆடும் வரைதான் படிப்பா?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததோ இல்லையோ, கல்லூரிகள் ஆள் தேடப் புறப்பட்டுவிடுகின்றன. ஆள் என்றால் மாணவன் அல்ல, ஆட்டக்காரன்! கூடைப்பந்து அணியில் மூன்றாம் ஆண்டுப் பையன்கள் பட்டம் பெற்று வெளியேறிவிட்டார்கள். கூடையடியில் நிற்க நெட்டையான ஒருவன் வேண்டும். பந்தை நடத்திச் செல்லச் சூட்டிகையான ஒருவன் வேண்டும். போட்டி நடக்கும் திடலின் ஓரத்தில் நின்று பயிற்சியாளர் கண்ணாலேயே அளவெடுக்கிறார். "கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், சாப்பாடும் இலவசம்" என்று வாக்குறுதி மழை பொழிகிறது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் தோழர், தம் பிள்ளைக்கு இப்படியொரு வாய்ப்பு வந்தால் மகிழ்வார். நாமும் மகிழ்கிறோம். பந்தைப் பிடித்தே ஒரு பிள்ளை பட்டதாரி ஆவது சிறுமையா? பெருமையன்றோ! தமிழகத்து மங்கை அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார், தெற்கு இரயில்வேயில் வேலை பெற்றார், 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆட்டம் வாழ்வு தரும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் கேட்பது வேறு. சிமெண்டுத் தளத்தில் நாள்தோறும் குதித்து இறங்கும் முழங்கால் ஒருநாள் முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது? "ஆடாதவனுக்கு எதற்குச் சலுகை?" என்று நிர்வாகம் கைவிரித்தால், எந்தத் தாளைக் காட்டி வாதாடுவது? கூலி உயர்வை வாய்ச்சொல்லில் முடித்துக்கொள்ள எந்தத் தறித் தொழிலாளியாவது ஒப்புவாரா? கையெழுத்தான ஒப்பந்தம் கேட்போம். பெற்ற பிள்ளையின் படிப்புக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமாம்!

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கல்லூரிக் கூடைப்பந்து பெரும் வாணிபம். ஆண்கள் போட்டித் தொடரை ஒளிபரப்ப 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் என்று 2010-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆடியவனுக்கு அதில் கூலி? ஒன்றுமில்லை! உதவித்தொகையையும் 1973 முதல் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதாக மாற்றிவிட்டார்கள். பயிற்சியாளருக்குப் பிடிக்காவிட்டால் மறு ஆண்டு வெளியே. பல ஆண்டு உதவித்தொகைக்கு மீண்டும் வழி பிறந்தது 2012-இல். 2021-இல் உச்சநீதிமன்றம் குட்டியது. 2025-இல்தான் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. தானாகக் கனிந்த கருணையல்ல, வழக்காடி வாங்கியது.

நம் மாநிலத்தில் நல்ல வழியும் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு, பட்டியல் வெளியே வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-இல் ஒவ்வொரு பட்டப்படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்கள் தந்தது. விதி எழுத்தில் இருந்தால் இடமும் நிலைக்கும். தனியார் நிர்வாகத்தின் அறைக்குள் பேசி முடிப்பதில்தான் வம்பு.

இன்னொன்று. வெளியூர் நெட்டையன் ஒருவனைப் பிடித்துப் போட்டால் அணி நிறைந்துவிடும் என்று எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கும் தவறு. பாவில் ஓர் இழை அறுந்தால் அதே நூலால்தானே பிணைக்கிறோம்? கயிற்றைக் கொண்டுவந்து கட்டுவோமா? களத்தில் ஐவர். நால்வர் ஓடும் வேகமும் பந்து தரும் இடமும் ஐந்தாமவனுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்குச் சிறு வயதிலிருந்தே ஒரே திடலில் ஆட வேண்டும்.

அப்படித் திடல் வளர்த்த ஊர்கள் தொலைவில் இல்லை. பெரியகுளம் சிறிய ஊர்தான். அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அங்கே நடக்கிறது. நமக்குக் கிழக்கே இருக்கும் கோவில்பட்டி தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் மட்டுமா பெயர் பெற்றது? அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினார். ஆடித்தபசுக்கு இலட்சம் பேரைத் தாங்கும் நம் ஊரால், 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு களத்தைத் தாங்க முடியாதா? நகராட்சியில் நம் தோழர்கள் இதைக் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் ஆடும் நேரம் ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

சேர்க்கைக் காலம் வரும்போது கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரிக்காரர் வீடு தேடி வந்தால் பெற்றோரோடு போய் உட்காருங்கள். காயம்பட்டாலும் பட்டம் முடியும்வரை கட்டணமும் விடுதியும் உண்டு, மருத்துவச் செலவு கல்லூரியுடையது — இவ்விரண்டையும் கல்லூரித் தாளில் எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அதன்பிறகு பையனின் உயரத்தை அளக்கட்டும்.