பாசியின் மேல் பழி எதற்கு?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றியுள்ள புல்தரையைக் கண்டு மயங்காதவர் சிலரே. என் தந்தையாரும் மயங்கினார். பணி ஓய்வு பெற்றதும், செங்கற்பட்டில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், மாமரத்தை ஒட்டி, கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையே கொரியன் புல் பதித்தார். ஆடியில் பதித்த புல் புரட்டாசிக்குள் பச்சைக் கம்பளமாயிற்று. ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் பார்த்தால், பாதி இடத்தில் புல்லைக் காணோம், பாசிதான் இருந்தது!

அப்பா பிளீச்சிங் பவுடரைத் தூவினார். இரண்டே நாளில் பாசி வெளுத்தது. கூடவே புல்லும் கருகியது. மார்கழியில் கருகிய இடமெங்கும் பாசி மட்டும் திரும்பி வந்தது. அந்த மாதத்தில்தான், விடியற்காலையில் வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் போன அம்மா, கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். வலக்கை மணிக்கட்டு முறிந்து ஒரு மாதம் மாவுக்கட்டு.

“இனி மயில்துத்தம்தான்” என்றார் அப்பா. பத்தடியில் கிணறு இருக்கிறது. மயில்துத்தம் செம்பின் உப்பு. நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. “கொஞ்சம் பொறுங்கள் அப்பா” என்றேன். “நீதான் தாவரவியல் படிக்கிறாயே, உன் புத்தகம் என்ன சொல்கிறது?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஃபியூனேரியாவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். மாஸ் எனும் பாசிச்செடிக்கு உண்மையான வேர் இல்லை, வேரிகளே உண்டு. உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சும். அதன் ஆண் இனச்செல், முட்டையை அடைய நீர்ப்படலத்தில் நீந்தியாக வேண்டும். கோடையில் காய்ந்து கிடந்தாலும் மழை பட்டதும் பசுமை பெறும் வகைகள் உண்டு. அதன் வித்துகள் காற்றில் வந்து விழும். இவ்வளவும் விடைத்தாளில் எழுதினேன். வீட்டுக் கொல்லையில் பொருத்திப் பார்த்தேனில்லை. நோயின் காரணத்தை முதலில் தேடச் சொன்ன வள்ளுவரையும் மனப்பாடம் செய்ததோடு சரி!

பிறகுதான் தேடினேன். மாமரம் பிற்பகல் வெயிலை அடியோடு மறைத்தது. கொரியன் புல்லோ வெயிலை விரும்புவது. எங்கள் களிமண் வீடு கட்டியபோது மிதிபட்டு இறுகிக் கிடந்தது. கடப்பாரை இறங்க மறுத்தது. மழைநீர் மதிலோரம் தேங்கியது. போதாக்குறைக்கு நாங்கள் தினமும் மாலையில் நீர் தெளித்தோம். இரவெல்லாம் ஈரம் காயவில்லை. புல்லைக் கொன்றது பாசி அன்று. புல் வாழ முடியாத இடத்தில் பாசி குடியேறியது, அவ்வளவே.

இதற்குச் சான்று பெரியம்மா வீட்டில் கிடைத்தது. அவர் இருப்பது மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில். அங்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். ஆனால் கடற்கரை மணல் நீரை உடனே குடித்துவிடுகிறது. திறந்த முற்றத்தில் பாசி இல்லை. நிழல் விழும் கிணற்றுச் சுவரின் வடபுறத்தில் மட்டும் அடர்ந்திருந்தது. மழை ஒன்று, மண் வேறு, நிழல் வேறு!

ஊர் திரும்பியதும் வேலையில் இறங்கினோம். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தோம். முள் மண்வெட்டியால் நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, மணலும் மக்கிய எருவும் நிரப்பினோம். மதிலோரம் வாய்க்கால் வெட்டினோம். மண் காய்ந்த பிறகே, அதுவும் காலையில் மட்டும் நீர் விட்டோம். புல்லை ஒட்ட வெட்டுவதை நிறுத்தினோம். கிணற்றடிச் சிமெண்டில் வழுக்கியது வேறு இனம், ஆல்கா. மக்கள் வழக்கில் அதுவும் பாசியே. அதற்கும் உயிர் ஈரம்தான். தேய்த்துக் கழுவி, நீர் வழிந்தோட வழி செய்து, சொரசொரப்பான கல் பாவினோம். அடுத்த ஐப்பசியில் வெயில் படும் பகுதியில் புல்லே நின்றது. பாசி ஓரிரு திட்டுகள்தான். அவற்றைக் கையால் வாரி எடுத்தோம்.

குளிர்நாடுகளில் பாசியைக் கருக அடிக்க அன்னபேதி உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது மேலே உள்ளதைக் கருக்கும். நிழலையும் ஈரத்தையும் மாற்றாது. மருந்து கூடாதென்று நான் வாதிடவில்லை. காரணத்தைத் தீர்க்காமல் மருந்தை மட்டும் நம்புவது ஆண்டுதோறும் கட்டும் அபராதம் என்கிறேன்.

மாமரத்தடியில் இன்னும் பாசி இருக்கிறது. அங்கே புல் வளர்க்கும் ஆசையை விட்டுவிட்டோம். நடைவழி இல்லாததால் யாரும் வழுக்க மாட்டார்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் சைஹோஜி கோயிலில் சுமார் 120 வகைப் பாசிகள் தோட்டமாகவே பேணப்படுகின்றன. 1994இல் அது உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. 1984இல் அப்பெருமை பெற்ற மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வாழும் நாம், நம் வீட்டு நிழலில் ஒரு முழம் பாசியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

நண்பர்களே, நாம் படிக்கும் பாடம் தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாது. என் பாடத்தை ஓராண்டு முன்பே கொல்லைக்குக் கொண்டுபோயிருந்தால் அம்மாவின் கை முறிந்திருக்காது. அவர் இன்றும் குடத்தை இடக்கையால்தான் தூக்குகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வாங்கிய மதிப்பெண் எனக்கு உறைக்கிறது.