குழந்தைக்கு மோதிரம், தாய்க்கு நாற்காலி

எங்கள் கிளையில் யாருக்கேனும் குழந்தை பிறந்தால், பழுப்பு நிற உறை ஒன்று மேசைக்கு மேசை நகரத் தொடங்கும். மேலாளர் முதல் காவலாளி வரை அவரவர் வசதிக்கு ஏற்ப அதில் பணம் வைப்போம். சேர்ந்த தொகையைக் கொண்டு ஒரு கிராம் மோதிரமோ, வெள்ளிப் பாலாடையோ, கொலுசோ வாங்குவது வழக்கம். தில்லியின் மார்கழிக் குளிரில் பிறந்த குழந்தையானால் கம்பளி உடுப்பும் சேரும். கரோல் பாக் கடைகளில் இவற்றைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும். மோதிரம் குழந்தையின் விரலில் ஒரு வாரம்கூட நிற்பதில்லை என்பதும், பிறகு அது நம்முடைய வங்கியின் பெட்டகத்திற்கே வந்து சேர்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்த செய்திதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கடன் பிரிவில் பணிபுரியும் எங்கள் சக அலுவலர் ஒருவருக்குத் தலைப்பிரசவம். கும்பகோணத்திலிருந்து தாயார் வந்து உடனிருந்தார். ஜனக்புரியில் மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் குழந்தை பிறந்தது. இந்த முறை பெற்றவளுக்கு ஏதேனும் தருவோம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். பாலூட்டும்போது அமர்வதற்கு ஒரு நாற்காலி தரலாம் என்று முடிவாயிற்று. நல்ல யோசனைதான். அதை நாங்கள் நிறைவேற்றிய விதத்தில்தான் பிழை.

கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, இறுதியில் ஓர் ஆடும் நாற்காலியை வாங்கினோம். வளைந்த தேக்குக் கால்கள், ஊதா வெல்வெட் மெத்தை, காதுகளைப் போல் விரிந்த உயரமான முதுகுப் பகுதி. திரைப்படங்களில் தாய்மார்கள் குழந்தையோடு அமரும் நாற்காலி இப்படித்தான் இருக்கும். இரண்டு சுமையாளர்கள் அதை மூன்று மாடி ஏற்றினார்கள். படம் எடுத்துக்கொண்டோம். அனைவருக்கும் மகிழ்ச்சி.

ஆறு வாரம் கழித்துக் குழந்தையைப் பார்க்கச் சென்றபோது, அந்த நாற்காலி குழந்தைத் துணிகளைச் சுமந்துகொண்டு பால்கனி ஓரத்தில் நின்றது. எங்கள் அலுவலர் கட்டிலின் விளிம்பில், முதுகுக்கு எந்தப் பிடிப்பும் இன்றி, குனிந்தபடி பாலூட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாயார்தான் சொன்னார்: "நாற்காலி அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவ உக்காந்தா கால் தரையில படமாட்டேங்குது. எழுந்திரிக்கறப்ப அது பின்னால சாயுது. தையல் போட்ட வயிறு, பயமா இருக்கு."

வெட்கமாக இருந்தது. விலையைக் கேட்டோம், மரத்தைத் தட்டிப் பார்த்தோம், நிறத்தைப் பற்றி விவாதித்தோம். அமரப்போகிறவரின் உயரத்தை எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கில்தான் ஒரு பொருள் விளங்கும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை என்று கொண்டாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று முதல் ஆறு மணி நேரம். வங்கியில் காசாளர் முகப்பில் அமரும் நேரத்திற்கு இது ஏறத்தாழ ஒப்பானது. காசாளரின் நாற்காலிக்கு நாம் ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம். உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி உண்டா, முதுகுக்குத் தாங்கல் உண்டா என்று பார்க்கிறோம். அதே அளவு நேரம், ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல், இரவுப் பணியும் சேர்த்து அமர்கின்ற தாய்க்குக் கட்டிலின் விளிம்பே போதும் என்று இருந்துவிடுகிறோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பரிந்துரை குழந்தையின் நலன் கருதியது. அதைச் செயற்படுத்தும் முதுகெலும்பு தாயுடையது.

நம் பாட்டிமாருக்கு நாற்காலி தேவைப்படவில்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, மறு முழங்காலை மடித்து, மடியையே மெத்தையாக்கி அவர்கள் பாலூட்டினார்கள். கூர்ந்து பார்த்தால், நல்ல நாற்காலி செய்யும் அத்தனை வேலையையும் அந்த அமர்வு செய்தது: முதுகுக்குச் சுவர், பாதத்திற்குத் தரை, குழந்தையின் எடைக்கு உயர்ந்த முழங்கால். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் பாலூட்டுவதற்கென்றே ஒரு நாற்காலி இருந்தது. அதன் இருக்கை தரையிலிருந்து 13 முதல் 15 அங்குலமே. முழங்கை தடைபடாதிருக்கக் கைப்பிடியும் கிடையாது. தில்லியைச் சுற்றியுள்ள ஹரியானாச் சாலையோரங்களில் இன்றும் விற்கும் நாணல் மூடாக்களும் தாழ்ந்த இருக்கைகளே. எங்கு நோக்கினும் தாழ்வே விதியாக இருந்திருக்கிறது. உயர்ந்த, ஆழமான, மெத்தென்ற இருக்கைதான் தாய்க்கு ஏற்றது என்ற எண்ணம் காட்சிக்கூடங்கள் நமக்குக் கற்பித்தது.

ஆயினும் தரைக்குத் திரும்பிவிடுவது எல்லோருக்கும் இயலாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 21.5 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன. தமிழகத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு. வயிற்றில் தையலோடு இருப்பவர், கைக்குழந்தையை ஏந்தியபடி தரையிலிருந்து எழுவது எத்தனை துன்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவருக்குக் கைப்பிடி வேண்டும். அழுத்தி எழுந்தால் அசையாத, உறுதியான கைப்பிடி. இங்கிலாந்து நாற்காலியில் இல்லாத அது, நமது காலத்தின் தேவை.

அன்று கும்பகோணத்து அம்மா தம் தையல் பெட்டியிலிருந்து அங்குல நாடாவை எடுத்து, மகளின் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். பதினைந்தரை அங்குலம். ஐந்தடியை ஒட்டிய உயரமுள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குல உயர இருக்கையே பொருந்தும். நாங்கள் வாங்கித் தந்ததோ மெத்தையோடு 19 அங்குலம். பாதம் தொங்கினால் தொடையில் அழுத்தம் விழும். குழந்தை மடியிலிருந்து வழுக்கும். அதைத் தடுக்கத் தாய் முன்னோக்கிக் குனிவார். கழுத்தும் தோளும் கடுக்கும். குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமேயன்றி, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது என்று செவிலியர் சொல்வார்கள். இருக்கை பொருந்தாவிட்டால் அந்த அறிவுரையைப் பின்பற்ற வழியில்லை. உயரமான நாற்காலி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், காலடியில் ஒரு மணைப்பலகை போட்டாலே பாதிக் குறை தீரும். செலவில்லாத பரிசு அது.

உயரத்திற்கு அடுத்தது ஆழம். முதுகு சாய்வில் பட்டிருக்கும்போதே முழங்கால் இருக்கையின் விளிம்புக்கு வெளியே வர வேண்டும். 17 அங்குலத்திற்கு மேல் ஆழமிருந்தால் முதுகுக்குப் பின்னால் தலையணை தேவைப்படும். அது நழுவிக்கொண்டே இருக்கும். கைப்பிடி, இருக்கையிலிருந்து 7 அல்லது 8 அங்குல உயரத்தில், முழங்கை இயல்பாகப் படியும் இடத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். இரு கைப்பிடிகளுக்கும் இடையே மடியில் தலையணை வைக்க இடம் வேண்டும். சக்கரம் வேண்டாம். ஆடும் நாற்காலி சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் தவழும் மூத்த குழந்தை இருந்தால், அந்த வளைந்த கால்களின் அடியில் சிறு விரல்கள் சிக்கும்.

துணியைப் பற்றித் தில்லிவாசிகளுக்குத் தனியே சொல்ல வேண்டும். மே, ஜூன் வெப்பத்தில் ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வெல்வெட்டில் வழிந்த பால் ஒரே நாளில் புளித்த நாற்றம் பிடிக்கும். சனவரியிலோ இரும்புக் கைப்பிடியைத் தொடவே முடியாது. மரச்சட்டமும் பிரம்புப் பின்னலும், அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய உறை போட்ட மெல்லிய பஞ்சுமெத்தையும் இந்த ஊரின் இரு பருவங்களையும் தாங்கும். உறை இரண்டாக இருப்பது நலம். ஒன்று எப்போதும் கொடியில்தான் இருக்கும்.

மென்மை மிகுந்த சாய்வு நாற்காலிகளைப் பற்றி எங்களுக்கு ஓர் அச்சம் உண்டு. இரவு மூன்று மணிக்குக் களைத்த தாய், குழந்தையை மார்பில் ஏந்தியபடியே அதில் உறங்கிவிடக் கூடும். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு உறங்குவது, குழந்தை இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறும் ஆபத்துடையது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே உறுதியான இருக்கை, அருகில் மங்கலான விளக்கு, கையெட்டும் தூரத்தில் தண்ணீர், இவற்றோடு விழித்திருந்து பேச்சுக்கொடுக்க ஒருவர். கடைசியில் சொன்னது கடையில் கிடைக்காது. பெரும்பாலான வீடுகளில் அவர் பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

பரிசு என்றால் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது நம்மில் பலருக்குள்ள பிடிவாதம். மோதிரத்திற்கு அது பொருந்தும். நாற்காலிக்குப் பொருந்தாது. வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் அளவைக் கேளுங்கள். வீட்டின் கதவு அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் கேளுங்கள். தவணையில் வாங்க வேண்டிய பொருளே அல்ல இது. அமர் காலனியின் பழைய மரச்சாமான் கடைகளிலும் பஞ்சகுயியான் சாலையிலும், நல்ல மரச்சட்டமுள்ள நாற்காலியை வாங்கிக் காலைச் சிறிது அறுத்துத் தாழ்த்தித் தரும்படி கேட்கலாம். தேய்மானம் குறைந்த சொத்து என்பதால், ஒரு தாய்க்குப் பின் இன்னொரு தாய்க்குச் செல்லும். நாங்கள் அதைத்தான் செய்தோம். வெல்வெட் சிம்மாசனத்தைப் பாதி விலைக்கும் குறைவாக விற்று, இன்னும் ஓர் ஆயிரம் ரூபாய் சேர்த்து, பதினைந்தரை அங்குலத்தில் ஒரு பிரம்பு நாற்காலி செய்வித்தோம். படம் எடுக்குமளவு அழகில்லை. எங்கள் அலுவலர் அதில் பதினான்கு மாதம் அமர்ந்தார்.

இடையில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. விடுப்பு முடிந்து அவர் பணிக்குத் திரும்பினார். நாள்தோறும் இரண்டு முறை எழுதுபொருள் அறையின் சாவியை வாங்கிச் செல்வார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு சக ஊழியருக்காக உறை நகர்ந்தபோதுதான் அவர் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு நாற்காலி கொடுத்தீங்க சார், மறக்கமாட்டேன். இங்க ஆறு மாசம் படிவக் கட்டு மேல உக்காந்துதான் பால் எடுத்தேன்."

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இடைவேளை உண்டு, அந்த இடைவேளையில் எங்கே அமர்வது என்பதுதான் விடுபட்டுப்போகிறது. தமிழக அரசு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றத்தில், பொது இடங்களில் இத்தகைய அறை கோரி ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் பெயரிலேயே வழக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொதுக் கட்டடங்களில் இவ்வசதி அமைய மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அறை கட்டுவோர் அதற்குள் வைக்கும் இருக்கையையும் ஒரு முறை அளந்து பார்த்தால் நன்று. பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டுவிட்டு நாடா வெட்டிய அறைகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

பிரம்பு நாற்காலி இப்போது எங்கள் கிளையில் இருக்கிறது. பெட்டக அறைக்குச் செல்லும் வழியில், பழைய பேரேடுகள் அடுக்கியிருந்த ஒரு சிற்றறையைக் காலி செய்து, உட்புறம் தாழ்ப்பாள் வைத்து, ஒரு மின்விசிறியும் மணைப்பலகையும் போட்டிருக்கிறோம். ஊழியர்களுக்கென்று தொடங்கியது. சென்ற மாதம் மகளின் பெயரில் செல்வமகள் கணக்குத் தொடங்க வந்த ஒரு வாடிக்கையாளர், குழந்தை அழத் தொடங்கியதும் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியேற எழுந்தார். காவலாளிதான் அந்த அறையைக் காட்டினார். அரை மணி கழித்து வந்து கையொப்பமிட்டார்.

இந்த வாரம் உறை மீண்டும் நகர்கிறது. காசாளர் பிரிவில் ஒருவருக்குப் பெண் குழந்தை. முழங்காலிலிருந்து குதிகால் வரை எத்தனை அங்குலம் என்று அவருடைய தாயாரிடம் கேட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.