சினம் நோயா?

பலர் கூடி வரைந்தால், பலர் கூடி ஆடினால் கோபம் கரையும், மனப்புண் ஆறும், சமூகம் இணக்கமுறும் என்று இலக்கியக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. கூடிச் செய்யும் கலையின்மீது எங்களுக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் இந்தச் சூத்திரத்தில் சினம் நோயாகவும் கலை அதற்கான மருந்தாகவும் வைக்கப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை. தீங்கிழைத்தவன் நலமாக நடமாடுகையில், பாதிக்கப்பட்டவரை மட்டும் படுக்கையில் கிடத்தி மருந்தூட்டுவது என்ன வைத்தியம்?

அர்ஜென்டினாவைப் பார்ப்போம். 1976 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் மனிதர்களைக் கடத்திச் சென்று சுவடின்றி அழித்தது. விசாரணை ஆணையம் 1984-இல் பதிவு செய்தது 8,961 பேர். மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000. பிள்ளைகளைத் தேடிய தாய்மார் 1977 ஏப்ரல் முதல் புவனோஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடி வந்தனர். 1983 செப்டம்பர் 21 அன்று, ராணுவ ஆட்சி இன்னும் நீங்காத வேளையில், அகெர்ரெபெர்ரி, ஃப்ளோரெஸ், கெக்செல் என்ற மூன்று ஓவியர்கள் தாய்மாரின் ஒப்புதலோடு காகிதச் சுருள்களும் சாயமுமாக அங்கே வந்தனர். ஒருவர் காகிதத்தின்மேல் படுப்பார்; மற்றவர் அவர் உடலைச் சுற்றிக் கோடு இழுப்பார். காணாமற்போனவருக்கு, இருப்பவர் தம் உடலளவைக் கடன் தந்தார். சிறிது நேரத்திலேயே வேலை முழுவதும் கூட்டத்தின் கைக்குப் போய்விட்டது.

தாய்மார் விதித்த நிபந்தனையை நம் ஆற்றுப்படுத்துவோர் கவனிக்கவேண்டும். உருவங்களைத் தரையில் வரையக்கூடாது, சுவரில் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றார்கள். தரையில் கிடக்கும் கோட்டுருவம் பிணத்தின் அடையாளம். அவர்களோ பிள்ளைகளை உயிரோடு திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தனர். பட்டியல்கள் முழுமையற்றவை என்பதால் உருவங்களில் பெயர் வேண்டாம் என்பது ஏற்பாடு. கூட்டம் அதைப் பொருட்படுத்தவில்லை. பெயர்களும் காணாமற்போன தேதிகளும் காகிதத்தில் ஏறின. கர்ப்பிணிகளின் உருவங்களும் குழந்தைகளின் உருவங்களும் சேர்ந்தன. இரவோடு இரவாகச் சதுக்கத்தைச் சுற்றிய சுவர்களில் அவை ஒட்டப்பட்டன.

அன்று எதுவுமே ஆறவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். வீட்டுக்குள் தனித்து அழுதவருக்கு, தம் பிள்ளைக்காக ஓர் அந்நியர் தரையில் படுத்தது சிறிய காரியமா? ஆனால் அந்த ஆறுதல் சினத்துக்கு மாற்றாக வரவில்லை. அதன் உள்ளிருந்தே வந்தது.

பிறகு மக்களாட்சி வந்தது. 1985-இல் ராணுவத் தலைவர்கள் தண்டிக்கப்பட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் ஒரு சட்டமும், மேலிடத்து உத்தரவுக்குப் பணிந்தோரை விடுவிக்கும் இன்னொரு சட்டமும் வந்தன. 1989, 1990-இல் மெனெம் பொதுமன்னிப்பு அளித்தார். அவருடைய சொல்லும் நாட்டின் இணக்கம் என்பதாகவே இருந்தது! தாய்மார் இணங்கவில்லை. (அவர்களே 1986-இல் இரண்டாகப் பிரிந்தனர், சினம் யாரையும் புனிதராக்கிவிடுவதில்லை.) அந்தச் சட்டங்கள் செல்லாதவை என 2003-இல் நாடாளுமன்றமும் 2005-இல் உச்ச நீதிமன்றமும் அறிவித்தன. வழக்குகள் மீண்டும் தொடங்கின.

பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு வண்ணப் பெட்டியோடு செல்லும் நண்பர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். நீங்கள் வரையவைக்கும் சுவரில் இறந்தவர் பெயரை எழுத அனுமதிப்பீர்களா? அந்தச் சுவர் யாருடைய வாசலைப் பார்த்து நிற்கும்?