வீட்டுக்கு ஒரு சர்ச் இன்ஜின்

வீட்டை ஒழுங்கா வெச்சுக்கிறது எப்படின்னு சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பான்ல மேரி கோண்டோ 2010ல ஒரு புத்தகம் போட்டாங்க, 2019ல நெட்ஃப்ளிக்ஸ்லயும் வந்தாங்க. ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்துப் பார்க்கணுமாம். மனசுக்குச் சந்தோஷம் தரலேன்னா நன்றி சொல்லி அனுப்பிடணுமாம். நாமளும் போகிக்குப் போகி பழசைக் கழிக்கிறவங்கதான்.

ஆனா நம்ம வீட்டுப் பிரச்சினை குப்பை இல்லைங்க. எது எங்க இருக்குன்னு ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அதான் பிரச்சினை.

"அம்மா, நெயில் கட்டர் எங்க?"

"பீரோ மேல, ஊசி நூல் டப்பாவுக்குள்ள பாரு."

கூகுள் தோத்துச்சு போங்க! ஆனா இந்த சர்ச் இன்ஜினுக்கு பேக்கப் கிடையாது. ஒரு சர்வர் படுத்தா மொத்தமும் படுத்துடும்னு ஆபீஸ்ல டிசைன் பண்ணிக் கொடுத்தா, மேனேஜர் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். வீட்டுல மட்டும் அதையே பெருமையா சொல்லிக்கிறோம்.

போன வருஷம் சித்தி பொண்ணு பிரசவத்துக்கு அம்மா பத்து நாள் மதுரை போயிருந்தாங்க. மூணாம் நாள் அப்பாவோட பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. புது அட்டை வீட்டுலதான் இருக்கு, எங்கன்னு தெரியலை. டாக்டர் சீட்டையும் காணோம். அம்மா ஆஸ்பத்திரியில, போன் பையில. ரெண்டு மணி நேரம் உருட்டினப்புறம் ஒரு பழைய பிஸ்கட் டின்ல கிடைச்சுது. "உங்கம்மா இல்லாம இந்த வீடு ஓடாதுடா"ன்னு அப்பா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. அம்மாவுக்கு லீவே கிடையாதுன்னுதானே அதுக்கு அர்த்தம்?

ஜப்பான் தொழிற்சாலைகள்ல 5எஸ்னு ஒரு முறை உண்டு. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைக் கழி, இடம் ஒதுக்கி வை, சுத்தம் பண்ணு, எல்லாருக்கும் ஒரே முறையாக்கு, பழக்கமாக்கு. இதுல ரெண்டாவதுதான் நமக்கு முக்கியம். இன்னிக்கு வேலைக்குச் சேர்ந்தவனும் யாரையும் கேட்காம ஸ்பேனரை எடுக்கணும், அதே இடத்துல திருப்பி வைக்கணும்.

வீடு மொத்தத்தையும் புரட்டிப் போட வேண்டாம். நாங்க மூணே மூணுதான் எடுத்துக்கிட்டோம்: மருந்து, பத்திரங்கள், சாவி. ஒவ்வொண்ணுக்கும் ஹால் அலமாரியில ஒரு இடம், மேல தமிழ்ல ஸ்டிக்கர். அங்க பார்த்தப்புறம்தான் அம்மாவைக் கேட்கலாம். எடுத்தவரே திருப்பி வைக்கணும், அப்பா உட்பட.

"கேட்டா சொல்லப்போறேன், இதுக்கெதுக்குடா ஸ்டிக்கர்?"னு அம்மாவுக்கே முதல்ல பிடிக்கலை. நாங்க அலமாரிகிட்ட போறதுக்குள்ள அடுப்படியிலிருந்தே பதில் வந்துடும். :-) மாற ரெண்டு மாசம் ஆச்சு.

வீடு பளபளன்னு இருந்தா மட்டும் அது ஒழுங்கு இல்லைங்க. வீட்டுல ஒருத்தர் நாலு நாள் நிம்மதியா ஊருக்குப் போய்ட்டு வர முடியுதா? அதான் ஒழுங்கு. இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு ரேஷன் கார்டை யாரையும் கேட்காம எடுத்துப் பாருங்க, தெரிஞ்சுடும்.