வீடு நமது, மண் யாருடையது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு வெளியே ஏ.சி. பேருந்து ஒன்று வந்து நின்றது. கட்டணம் கிடையாது. நம் குடும்பங்கள் இருபதுக்கு மேல் ஏறிப் போயின. தாய்மார்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் பட்டு கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் இட்லி, வடை, கேசரி. வண்டியில் ஏறிய இளைஞன் நெல்லைத் தமிழில் "அண்ணாச்சி, மதினி" என்று வாய் நிறைய அழைத்தான். கொண்டுபோய்க் காட்டியது ஊருக்கு வெளியே ஒரு டவுன்ஷிப். வரிசையாக ரோ ஹவுஸ். வரைபடத்தில் பூங்கா, நீச்சல் குளம், கோயில், பள்ளிக்கூடம். நேரில் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு மாதிரி வீடு. அன்று மாலைக்குள் ஆறு குடும்பங்கள் முன்பணக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பின.

மறுநாள் முதல் சங்க அறைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: "வாங்கலாமா, வேண்டாமா?"

பதில் சொல்லுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழாப் பந்தலில் ஒரு பில்டரின் விளம்பரத் தட்டியைக் கட்டவிட்டோம். அவர் கொடுத்த பணத்தில்தான் அன்றைய பந்தி நடந்தது. அந்தத் தட்டியைப் பார்த்து, "சங்கமே கட்டியிருக்கிறது, நம்பலாம்" என்று பணம் கட்டியவர் நம் பழைய உறுப்பினர் ஒருவர். தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து வாங்கிய கிராஜுவிட்டி முழுவதையும் அங்கே போட்டார். தூண்கள் எழும்பின, இரண்டு தளம் போட்டார்கள், பிறகு வேலை நின்றது. வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரும்படி மகாரெரா உத்தரவு போட்டது. வசூல் வாரண்டு கலெக்டர் அலுவலகம் போய்ச் சேர்ந்து அங்கேயே படுத்திருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி இன்றும் வாடகையும் கட்டுகிறார், தவணையும் கட்டுகிறார். நம் சங்க அறைக்கு வரும்போது அந்த அம்மா நம்மை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் நம்மைச் சுடுகிறது. அன்றிலிருந்து நம் மேடையில் எந்த பில்டருக்கும் இடமில்லை என்று முடிவெடுத்தோம். காசு குறைந்தால் பந்தியில் ஒரு பாயசம் குறையட்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நம் மக்கள் சாகும்வரை வாடகை வீட்டில் கிடக்க வேண்டுமா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான கோபம். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு தேடியவர்கள்தாமே நாம்? "மதராசியா? கறி சமைப்பீர்களா? எத்தனை பேர்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டதை மறந்துவிட்டோமா? 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றி, லுங்கி கட்டியவர்களை விரட்டக் கிளம்பியபோது, பூனாவில் இருந்த நம் பெரியவர்களும் இரவில் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். "நம் பேரில் ஒரு காகிதம் இருந்தால் எவன் வந்து கிளப்புவான்?" என்ற ஆசை அந்தப் பயத்தில் பிறந்தது. எலி வளையானாலும் தனி வளை என்று ஊரில் சொல்லியா கொடுக்க வேண்டும்? சொந்த வீட்டை நாம் எதிர்க்கவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் கேட்கிறோம்.

ரோ ஹவுஸ் என்றதும் நம்மவர்கள் மயங்குவது ஏன்? ஃபிளாட் என்றால் ஆகாயத்தில் தொங்குகிற வீடு. ரோ ஹவுஸ் மண்ணோடு ஒட்டிய வீடு. வாசலில் கோலம் போடலாம், பின்னால் ஒரு முருங்கை வைக்கலாம், பையனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை எழுப்பலாம். இந்த ஆசையைத் தெரிந்துகொண்டுதான் அந்த இளைஞனும் "மண் உங்களுடையது அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கிறான்.

காசோலை கொடுத்த ஒருவர் ஒப்பந்த நகலைக் கொண்டுவந்தார். நாம் மெட்ரிக் படித்த குமாஸ்தாக்கள், வக்கீல்கள் அல்ல. ஆனாலும் சரக்கு ரசீதைப் படிக்கிற கண்ணால் அதை வரி வரியாகப் படித்தோம். மேல் அறை எழுப்பக் கூடாது. முகப்பின் வண்ணத்தை மாற்றக் கூடாது. முன்னால் துணி காயப்போடக் கூடாது. ரோடும் தண்ணீர்த் தொட்டியும் கிளப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அதன் பிறகு எவ்வளவு என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். சரி, மண்? மண் மொத்த மனையின் பிரிக்கப்படாத பங்கு. அது குடியிருப்போரின் பொதுச் சங்கத்தின் பேருக்கு மாறுவது எல்லாக் கட்டங்களும் முடிந்த பிறகு!

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரிய டவுன்ஷிப்பில் கடைசிக் கட்டடம் என்றைக்கு முடியும்? பதினைந்து ஆண்டில் முடியலாம், முடியாமலும் போகலாம். அதுவரை சாத்-பாரா உதாராவில் நம் சங்கத்தின் பேர் ஏறாது. மிச்ச நிலத்தில் எத்தனை மாடி எழுப்புவது, அதற்கு எந்த வழியாக லாரி விடுவது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். மகாராஷ்டிரத்தில் இது புதிய நோயும் அல்ல. 1963ஆம் ஆண்டு ஃபிளாட் சட்டமும் அதன் விதிகளும் சங்கம் பதிவான நான்கு மாதத்தில் நிலத்தை மாற்றிக் கொடுக்கச் சொன்னன. கொடுத்தவர்கள் சிலர், இழுத்தடித்தவர்கள் பலர். கடைசியில் 2008இல் அரசே சட்டத்தைத் திருத்தி, பில்டர் கையெழுத்துப் போடாவிட்டாலும் மாற்றிக்கொள்ள 'டீம்டு கன்வேயன்ஸ்' என்று ஒரு வழி செய்ய வேண்டியதாயிற்று. 45 ஆண்டுகள்!

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பூனாவில் பேர்போன டவுன்ஷிப் ஹடப்ஸரில் உள்ள மகர்பட்டா. அது பிறந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், ஏறக்குறைய 400 ஏக்கர் நிலம். நகரம் நெருங்கி வந்தது. தனித்தனியாக விற்றால் தரகன் ஒவ்வொருவனையும் ஒவ்வொரு விலைக்கு அமுக்குவான், அரசு எடுத்துக்கொண்டால் நஷ்டஈட்டுக்கு ஆயுள் முழுக்க அலைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சதீஷ் மகர் என்பவர் முன்னின்றார். எல்லாரும் நிலத்தைச் சேர்த்து ஒரு கம்பெனி ஆக்கினார்கள். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார்களோ அந்த அளவுக்குப் பங்கு. 2000ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே அங்கே காண்ட்ராக்டு எடுத்தார்கள். நிலம் கைமாறிய பணம் குடிக்கும் கூத்துக்கும் போகாமல் பங்காகவும் வாடகையாகவும் திரும்பி வந்தது.

நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை, மெச்சுகிறோம். பக்கத்திலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. தொழிலாளருக்கு வீட்டு மனை தருவதற்கென்று 1972இல் அரசு அமைத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் பிராதிகரணத்துக்கு நிலம் கொடுத்த விவசாயிகள், பன்னிரண்டரை சதவீத நிலத்தைத் திரும்பப் பெற எத்தனையோ ஆண்டுகள் மோர்ச்சா நடத்தினார்கள். அந்தப் பிராதிகரணமே 2021இல் கலைக்கப்பட்டு, பி.எம்.ஆர்.டி.ஏ.யோடும் மாநகராட்சியோடும் சேர்ந்துவிட்டது. தொழிலாளிக்கு வீடு தரும் வேலையை அரசு மெல்லக் கைகழுவிவிட்டு, "போ, டவுன்ஷிப்பில் வாங்கிக்கொள்" என்கிறது!

கவனியுங்கள் தோழர்களே: ஹடப்ஸர் விவசாயி சங்கமாகச் சேர்ந்து விற்றான். பில்டர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் சங்கம் இருக்கிறது. போனஸுக்குக் கொடி பிடித்த நாம், மில் கேட்டில் கூட்டம் போட்ட நாம், ஆயுளில் செய்யும் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் ஆளுக்கொரு காசோலையோடு தனித்தனியாகப் போய் நிற்கிறோம்! பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் கண் படும் என்று மறைத்துக்கொண்டு வேறு போகிறோம்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் ஆண் பேரில் பதிந்தால் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், 4 லட்சத்து 20 ஆயிரம். (பெண் பேரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும். வீட்டு லட்சுமி என்று வாயால் சொல்கிறவர்கள் இதையாவது செய்யலாம்.) பதிவுக்கு 30 ஆயிரம். கட்டி முடியாத வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 3 லட்சம். ஆக ஏழரை லட்சம், சுவரில் ஒரு செங்கல் ஏறாமலே போகிறது. 20 லட்சம் கைக்காசு, 40 லட்சம் கடன் என்றால், எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். கடைசித் தவணை கட்டும்போது 40 லட்சத்துக்கு 83 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்போம்.

நாற்பத்து நாலு வயதில் வாங்கினால் கடன் முடிவது அறுபத்து நாலில். நமக்கு அறுபதில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். மிச்ச நாலு ஆண்டு? 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. தனியார் தொழிற்சாலைத் தோழர்களுக்கு பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை 2014இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். இதெல்லாம் வங்கிக்கும் தெரியும். அதனால்தான், "மகனையும் கடனில் சேருங்கள்" என்கிறார்கள். பிள்ளை முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே அதற்கு ஓலை எழுதியாகிவிட்டது! ஊரில் பண்ணையாரிடம் அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடித்ததைப் பார்க்கச் சகிக்காமல்தானே நம் தாத்தாக்கள் ரயிலேறினார்கள்?

"பெரிய கம்பெனி, ஏமாற்றாது" என்பார்கள். லவாசாவை விடப் பெரிதாக என்ன பார்த்துவிட்டோம்? மோஸே பள்ளத்தாக்கில், வரஸ்காவ் அணைக்கரையில், மலைநகரம் என்று எழுப்பினார்கள். இத்தாலி நாட்டு ஊர் ஒன்றைப் பார்த்துக் கட்டிய கரை, வண்ண வண்ண வீடுகள். 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது. 2018 ஆகஸ்டில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. பணம் கட்டியவர்களில் படித்தவர்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள் ஏராளம். வீடு வாங்கியவரையும் கடன் கொடுத்தவராகக் கருத வேண்டும் என்று அதே 2018இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பலன், கடன்காரர்கள் கூட்டத்தில் உட்கார ஒரு நாற்காலி. வீட்டுக்காக இன்னும் காத்திருப்பவர்கள் உண்டு.

"ஸ்டேஷன் பத்து நிமிடம்" என்று பிரசுரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 1978 முதல் ஓடும் லோணாவ்ளா லோக்கலுக்கு சீசன் டிக்கெட் கொடுக்கிற கை நம்முடையது. அந்தப் பத்து நிமிடம் ராத்திரி ஒரு மணிக்குக் காரில் போகிறவனுக்கு. இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு ஷேர் ஆட்டோவும் இருக்காது. தண்ணீரையும் கேளுங்கள். 2021இல் 23 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். எல்லை ஒரு நாளில் சேர்ந்துவிட்டது, குழாய் அப்படிச் சேரவில்லை. புறநகரில் டேங்கர் வராத கோடை எது? அந்தச் செலவும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் ஏறும்.

ஆகவே நம் பதில்: தனியாகப் போய் வாங்காதீர்கள். பத்துக் குடும்பமாவது சேருங்கள். 2017இல் பி.எஃப். திட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவே அப்படித்தான் சொல்லிற்று. குறைந்தது 10 பேர் கொண்ட வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர் வீட்டுக்காகத் தம் கணக்கிலிருந்து 90 சதவீதம் வரை எடுக்கலாம் என்றது. (விதிகளைப் பின்னர் மாற்றியிருக்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) பத்துப் பேராகப் போனால் ஒரு வக்கீலுக்குக் காசு பங்கு போடலாம். சாத்-பாராவை முப்பது ஆண்டுக்குத் தேடிப் பார்க்கலாம். "எங்கள் வரிசைக்கு மண் என்றைக்கு மாறும்? தேதியை எழுது" என்று கேட்கலாம். தனி ஆள் கேட்டால் கேசரி தருவார்கள். பத்துப் பேர் கேட்டால் வக்கீலை அழைப்பார்கள்.

பதிவான ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. பாதிக்குச் சற்று மேல், 51 சதவீத வீடுகள் புக் ஆனதும் மூன்று மாதத்துக்குள் சங்கம் பதிய விண்ணப்பிக்க வேண்டும் என்பது மகாராஷ்டிர விதி. இந்த இரண்டையும் அந்த நெல்லைத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், எந்தத் தமிழில் பதில் வருகிறது என்று பார்க்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, அதற்கு யாரும் பேருந்து விடுவதில்லை. 4000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும் பில்டர்கள் 20 சதவீதத்தை எளிய வருமானக்காரருக்கு ஒதுக்க வேண்டும். அவை மாடா குலுக்கலில் வருகின்றன. விண்ணப்பிக்க டொமிசைல் சான்றிதழ் வேண்டும். சாசூனில் பிறந்து, கட்கியில் படித்து, பேரன் எடுத்த பிறகும் அந்தச் சான்றிதழ் வாங்காமல் இருக்கிற நம்மவர்கள் எத்தனை பேர்! இந்த மாதமே வாங்குங்கள். மனு எழுதிக்கொடுக்க ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்போம்.

காசோலை கொடுத்துவிட்ட ஆறு குடும்பங்களும் அதே நேரத்தில் ரசீதையும் ஒப்பந்த நகலையும் எடுத்து வர வேண்டும். ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை. அடுத்த வாரம் ஆறு பேரோடும் அந்த அலுவலகத்துக்கு நாமும் வருகிறோம்.

பேருந்து திரும்பவும் வருமாம், இந்தத் தடவை கட்கி பஜாருக்கு. போகிறவர்கள் போய் வாருங்கள், இட்லி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். செக் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.