மேற்கு பார்த்த கண்ணாடி



பட்டுக்கடை என்றால் இப்போது முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார்கள். ஆரணியில் நெய்த சேலை தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டுமே, நியாயம்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கடைக்குள் மாலை வரை நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏ.சி. ஒரு பக்கம் ஓடும், வியர்வை ஒரு பக்கம் ஓடும்.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அந்த வெயிலில் சூடான தரையும் சுவரும் உமிழும் வெப்பத்தை வெளியே விடாது. திரை போட்டால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். திரையைத் தொடும்போதே வெயில் கடைக்குள் வந்தாகிவிட்டது! மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால்தான் பயன்.

எந்தத் திசை என்பதும் முக்கியம். ஆரணிப் பகுதியில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நமக்கு வடக்கே. அந்த நண்பகல் வெயிலை ஒரு சன்ஷேடு தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியல்ல. நாலு மணிக்கு மேல் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்துப் பலகைகளோ துளைகள் உள்ள ஜாலிச் சுவரோ மரமோ வேண்டும். இல்லாவிட்டால் ஷோகேஸில் இருக்கும் பட்டு வெயில் பட்ட மடிப்பில் மட்டும் வெளிறும். அதை யார் வாங்குவார்?

வெளி மறைப்பு எப்படி இருக்கலாம் என்று பார்க்க, புதுச்சேரி போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியைத் தெருவில் நின்றாவது பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டியது. 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. ஜன்னலுக்குப் பதில், திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். கண்ணாடியே இல்லை, காற்றுக்குக் குறைவுமில்லை. பின்னால் வந்த பல பளபளப்புக் கோபுரங்களைவிட அதையே நான் நவீனம் என்பேன்.

கண்ணாடிதான் வேண்டுமென்றால் அதற்கும் அளவுண்டு. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு மத்திய அரசின் 2017 எரிசக்தி விதி, வெளிச்சுவரில் கண்ணாடிக்கு 40 சதவீத உச்சவரம்பு வகுத்தது. வெப்ப ஊர்களில் அந்தக் கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. எண் 0.27-ஐத் தாண்டக் கூடாது என்றது. அதாவது, பட்ட வெயிலில் 100-க்கு 27 பங்கு வெப்பமே உள்ளே வரலாம். சாதாரணக் கண்ணாடி சுமார் 80 பங்கை விட்டுவிடும். சின்னக் கடைகளை இத்தகைய விதி கட்டுப்படுத்தாது, கரண்ட் பில் கட்டுப்படுத்தும்.

கடை கட்டப்போகிறவர்கள் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அதன் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேளுங்கள். மனை மேற்கு பார்த்ததென்றால், முதலில் வெளி மறைப்புக்குப் பணம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்